தலைக்கட்டுக் கணக்கு

காலை ஒன்பது மணிக்குக் கரண்டு போனது. பராமரிப்பு வேலை என்று முந்தின நாளே சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு வரும் என்றும் சொல்லியிருந்தார்கள். வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

கோவை கணபதியில் இருக்கும் அந்தப் பம்பு கம்பெனியின் பின்பக்கம் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டு கிளம்பியது. ஆனால் வைண்டிங் ஹாலில் ஃபேன் சுற்றவில்லை. பெண்கள் ஜன்னலோரம் ஸ்டூலை நகர்த்திப் போட்டுக்கொண்டு வெளிச்சத்திலேயே கம்பி நுழைத்துக்கொண்டிருந்தார்கள்.

பிரவீனா அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கரண்டைவிடப் பெரிய கவலை இருந்தது.

போன வாரம் சோற்றுக்கு உட்கார்ந்த இடத்தில் அவளுடைய அண்ணன் மனோஜ்குமார் சொன்னது இதுதான்: மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றுகிற வைண்டிங் செக்சனை மூடிவிட்டு, அந்த வேலையை வெளியே கொடுக்கப் போகிறான். வெளியே என்றால் ரொம்ப வெளியே இல்லை. அரசூரில் அவன் பெண்டாட்டி லோகப்பிரியாவின் தம்பி புதிதாகப் போட்டிருக்கிற கம்பெனிக்கு. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஆபீசில் உட்கார்ந்து பேசி முடித்துவிடலாம் என்றான். இன்று வெள்ளிக்கிழமை.

பிரவீனா கோபியில் கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் மூன்று வருஷத்துக்கு முன்னால் திரும்பி வந்தவள். வந்த மறுவாரமே அப்பா பாலுசாமி, அழுது முடித்தாயிற்றா என்று கேட்டுவிட்டு, வைண்டிங் செக்சனை அவள் கையில் கொடுத்தார். போன ஆடியில் அவரும் போய்ச் சேர்ந்தார். இப்போது அவளுக்கென்று இருப்பது அந்த ஹாலும் அதில் இருக்கிற இருபத்தாறு பெண்களும்தான். அதுவும் போனால் அவள் அண்ணன் வீட்டில் உட்கார்ந்து தின்கிறவள். வாயைத் திறந்து யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

"ஏனுங்க்கா, அந்த ஜெனரேட்டரு ஆருக்கு ஓடுது?" என்று கேட்டாள் ஹுமேரா. கை நிற்காமல் வாயும் நிற்காமல் வேலை செய்கிற பெண்.

"தம்பி சபரீஷ் செக்சனுக்கு. சிஎன்சி மிஷின் நிக்கக்கூடாதாம்."

"காத்து அவங்களுக்கு, பொகை நமக்குங்களா?"

"பொகைக்கு வரி போடாம உட்டாங்களேன்னு இரு" என்றாள் பக்கத்து ஸ்டூல்காரி.

ஹாலே சிரித்தது. பிரவீனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வரி போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

அது பாலுசாமி வைத்த வழக்கம். தாராபுரம் பக்கம் இருக்கிற அவர்கள் குலதெய்வக் கோயிலில் திருவிழா நோம்பி சாட்டினால், ஆகிற செலவைத் தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று பிரித்துவிடுவார்கள். ஐம்பது ஏக்கர் வைத்திருப்பவனும் ஒரே வரிதான் கட்டுவான், அரை ஏக்கர்க்காரனும் ஒரே வரிதான் கட்டுவான். நான் அதிகம் கொடுத்தேன் என்று எவனும் முன்னால் வந்து நிற்க முடியாது. நல்ல ஏற்பாடு. கோயிலுக்கு நல்ல ஏற்பாடு.

பாலுசாமி கம்பெனி ஆரம்பித்தபோது அதையே இங்கேயும் கொண்டுவந்தார். கரண்டு, வாட்ச்மேன் சம்பளம், ஆபீஸ் செலவு என்று எதெல்லாம் பொதுவோ, அதை மொத்தமாகக் கூட்டி, எந்தச் செக்சனில் எத்தனை பேரோ அத்தனை பங்காகப் போட்டுவிடுவார். அன்றைக்கு எல்லாச் செக்சனிலும் கைவேலைதான். ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம் இல்லை, அதனால் கணக்கும் பெரிதாகக் கெட்டுப்போகவில்லை.

அப்புறம் சின்னவன் சபரீஷ் படித்துவிட்டு வந்தான். பேங்கில் கடன் வாங்கி, தானாகவே இரும்பு கடையும் சிஎன்சி மிஷின்களை இறக்கினான். ஆறே ஆட்கள், ஆனால் ஊர்ப்பட்ட கரண்டு. கணக்கு மட்டும் பழைய கணக்காகவே இருந்தது. கம்பெனியில் மொத்தம் ஐம்பத்திரண்டு பேர். அதில் பாதிப்பேர் வைண்டிங் பெண்கள். ஆகவே பொதுச்செலவில் பாதி அவர்கள் தலையில். டீசலில் பாதி, மிஷின் கடன் வட்டியில் பாதி, எல்லாம்.

அவினாசி ரோட்டிலிருந்து ஆலோசகர் ஒருவர் வந்து இதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தார். ஏசி ரூமை விட்டு அவர் கீழே இறங்கவே இல்லை. தப்பான கணக்கு கலர் கலராக வந்தது.

பத்தரை மணிக்குப் பிரவீனா மிஷின் ஷாப் பக்கம் போனாள். சபரீஷ் அவளைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். இவன் அவளுக்குச் செல்லத் தம்பி. மூன்று வருஷத்துக்கு முன்னால் கோபிக்குக் கார் எடுத்துக்கொண்டு வந்து, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் அவள் பெட்டியைத் தூக்கி டிக்கியில் வைத்தவன் இவன்தான்.

"மேல போய் சண்டை கிண்டை போடாதக்கா" என்றான். "அண்ணன் முடிவு பண்ணிப்போட்டாரு. உனக்கு டெஸ்டிங் செக்சனை வாங்கித் தாரேன். ஏசி ரூமு."

"அந்தப் பொண்ணுங்க?"

"அரசூர்லயே ஆள் எடுப்பாங்கல்ல."

"அவங்க உக்கடத்துல இருந்து அரசூருக்குப் போக எத்தன பஸ்ஸு மாறோணும்னு தெரியுமா உனக்கு?"

அவன் தெரியாது என்பதுபோல் தோளை ஆட்டினான். ஜெனரேட்டர் சத்தத்தில் அதற்குமேல் பேச முடியவில்லை. பிரவீனா அந்த ஜெனரேட்டரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் டீசல் பேரல். தான் மேலே போய் என்ன சொன்னாலும் அது கடைசியில் இந்த இடத்தில்தான் வந்து விழும் என்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. சொல்லாமல் தப்பிக்க வழி இருக்கிறதா என்று படி ஏறும்போது யோசித்தாள். இல்லை.

மாடியில் ஆபீஸ். மனோஜ்குமார் நடு நாற்காலியில். ஓரத்தில் யுபிஎஸ்ஸில் ஓடும் கம்ப்யூட்டர் முன்னால் லோகப்பிரியா. கம்பெனிக் கணக்கு அவள் கையில்தான். பிரவீனா வந்து உட்கார, பின்னாலேயே சபரீஷும் வந்தான்.

"பாரு அம்மணி" என்று ஆரம்பித்தான் மனோஜ்குமார். "நான் உன்னை வேண்டாம்னு சொல்லல. கணக்கு சொல்லுது. ஒரு மோட்டாருக்குக் கம்பி சுத்த நமக்கு முந்நூத்தி நாப்பது ஆகுது. அரசூர்ல இருநூத்தி நாப்பதுக்குச் செய்யறாங்க. கம்பி ரெண்டு எடத்துக்கும் நாமதான் குடுக்கறோம். மோட்டாருக்கு நூறு ரூவா மிச்சம். மாசம் ரெண்டாயிரம் மோட்டாரு. நீயே பெருக்கிக்க."

"முந்நூத்தி நாப்பதுல கூலி எவ்வளவுங்கண்ணா?"

"நூத்தம்பது."

"வார்னிஷு, பேப்பரு, நூலு?"

"முப்பது."

"மீதி நூத்தி அறுபது?"

"பொதுச்செலவு."

"பொதுச்செலவுன்னா என்னென்னங்க?"

மனோஜ்குமார் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் திரையைப் பார்த்துப் படித்தாள். "கரண்டு, டீசலு, பேங்க் வட்டி, வாட்ச்மேன், ஆபீஸ் சம்பளம், வண்டிச் செலவு, ஆடிட்டரு."

"வேலை அரசூர் போனா இதுல எது கூடப் போகுதுங்கண்ணா?"

"எல்லாந்தான். செக்சனே இல்லைன்னா செலவு ஏது?"

"வாட்ச்மேன் அரசூருக்குப் போயிருவாருங்களா?"

மனோஜ்குமார் பெண்டாட்டியின் திரையை எட்டிப் பார்த்தான்.

"ஆடிட்டரு ஃபீசுல பாதி கொறச்சுக்குவாருங்களா? வைண்டிங் மூடிட்டீங்களான்னு கேட்டு பேங்க்காரன் வட்டியைத் தள்ளுவானுங்களா?"

"என்ன சொல்ல வர்ற நீ?"

"எங்க ரூமைப் பூட்டுனா நிக்கறது ஃபேனும் லைட்டும் டீயும்தானுங்க. மோட்டாருக்குப் பத்து ரூவா வருமுங்களா? அதிகமாவே வெச்சுக்குங்க, பத்து. கூலியும் வார்னிஷும் நூத்தி எம்பது. ஆகமொத்தம் உங்களுக்கு மிச்சமாகறது நூத்தித் தொண்ணூறு. அதுக்குப் பதிலா அரசூருக்கு இருநூத்தி நாப்பது குடுக்கறோம். மோட்டாருக்கு அம்பது ரூவா கையை விட்டுப் போகுதுங்கண்ணா."

லோகப்பிரியாவின் விரல்கள் கீபோர்டில் அப்படியே நின்றன.

"அந்தப் பொதுச்செலவு?" என்றான் மனோஜ்குமார்.

"அது எங்க போகும்? இங்கயேதான் கெடக்கும். நோம்பிக்கு ஒரு தலைக்கட்டு ஊரை உட்டுப் போயிட்டா தேர்ச்செலவு கொறைஞ்சுருங்களா? இருக்கறவங்களுக்கு வரி ஏறும். அசெம்பிளிக்கு ஏறும். அடுத்த வருசம் அசெம்பிளி நட்டம்னு கம்ப்யூட்டரு சொல்லும். அதையும் வெளிய குடுப்பீங்க. கடைசில இந்தக் கட்டடமும் நீங்களும் வாட்ச்மேனும் இருப்பீங்க."

மனோஜ்குமார் முட்டாள் இல்லை. கோவையிலேயே பேர் பெற்ற காலேஜில் படித்தவன். அச்சடித்து வந்த எண்ணைச் சந்தேகப்படக் கற்றுக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். பேனாவை எடுத்து அவள் சொன்னதை ஒரு தடவை போட்டுப் பார்த்தான். மறுபடியும் போட்டுப் பார்த்தான். ஐம்பது ஐம்பதாகவே வந்தது.

"என்ற தம்பி எடம் புடிச்சு மேசையெல்லாம் போட்டாச்சு பிரவீனா" என்றாள் லோகப்பிரியா.

"தெரியுமுங் நங்கையா. நான் அவரைக் குத்தம் சொல்லல." அண்ணன் பெண்டாட்டியை நங்கையா என்று கூப்பிடுவதுதான் அந்த வீட்டு முறை. சண்டையிலும் அது மாறாது.

மனோஜ்குமார் தலையைத் தூக்கினான். "சரி. தலைக்கு இவ்வளவுங்கறது தப்புன்னே வெச்சுக்குவோம். வேற எப்படிப் பிரிக்கறது?"

இந்தக் கேள்விக்குத்தான் பிரவீனா பயந்திருந்தாள். சபரீஷின் பக்கம் பார்க்காமல் சொன்னாள்.

"எரிக்கறவங்க தலையில போடோணுமுங்க."

"லோகா, கரண்டு மீட்டரு செக்சன்வாரியா இருக்குதில்ல? எடு."

இருந்தது. யாரும் பார்க்காமல் இருந்தது. கரண்டை மீட்டர்படி பிரித்தார்கள். டீசலை அது யாருக்கு ஓடுகிறதோ அங்கே போட்டார்கள். மிஷின் கடன் வட்டியை மிஷின்மேல் போட்டார்கள். வைண்டிங்கின் பங்கு நாற்பது ரூபாய்க்கு இறங்கியது. இறங்கியது எங்கேயாவது ஏற வேண்டுமே. ஏறியது.

சபரீஷின் ஷாப்பில் வெளிநாட்டு ஆர்டருக்காகப் பெரிய சப்மெர்சிபிள் பம்பு பாடி கடைந்துகொண்டிருந்தார்கள். நூறு ரூபாய்க்குப் பதினாலு ரூபாய் லாபம் என்று வீடே பேசிக்கொண்டிருந்த சரக்கு. புதுக்கணக்கில் அது நூறுக்கு ஆறு ரூபாய் நட்டம் காட்டியது.

கீழே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"அந்த ஆர்டர் கெடைச்சப்போ லட்டு வாங்கி ஊரெல்லாம் குடுத்தமே" என்றான் மனோஜ்குமார். "எதுக்குக் குடுத்தோம்?"

"லட்டு நீங்கதான் வாங்குனீங்க" என்றான் சபரீஷ், தன் நகத்தைப் பார்த்துக்கொண்டு.

"மிஷினை வித்துப்போட்டு உன் வேலையை வெளிய குடுத்தா என்ன?"

"அண்ணா, அவசரப்படாதீங்க" என்றாள் பிரவீனா. "வாங்கின வெலைக்கு மிஷின் விக்காது. கடன்ல பாதி நின்னுரும். அந்த வட்டியும் நம்ம தலையிலதான். என்ற செக்சனைப் பார்த்த மாதிரியே, எது போகும் எது நிக்கும்னு அதையும் பார்த்துத்தான் முடிவு பண்ணோணும். வெல கம்மியா சொல்லிட்டோமோ என்னமோ. அதையும் பாருங்க."

தம்பிக்காகத்தான் பேசினாள். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"திங்கக்கிழமை சொல்றேன்" என்று மனோஜ்குமார் எழுந்தான். "அதுவரைக்கும் எதுவும் இங்கிருந்து நகரக்கூடாது."

மத்தியானம் உடன்பிறந்த மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடுவதுதான் பழக்கம். வீட்டிலிருந்து ஒரே கேரியர் வரும். அன்று சபரீஷ் வரவில்லை. பசியில்லை என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினான். அவன் பங்கு அரிசியும்பருப்பு சாதத்தை மனோஜ்குமாரே சாப்பிட்டான். யோசனையில் இருந்தால் அவனுக்குப் பசி அதிகம்.

சாப்பிட்டுக் கை கழுவியபோது பிரவீனாவுக்கு நெஞ்சில் ஒரு லேசான சந்தோஷம் இருந்தது. திங்கட்கிழமை வரைக்கும் என்றாலும் சந்தோஷம்தான். வைண்டிங் ஹாலில் ஹுமேரா அவள் முகத்தைப் பார்த்தே, "என்னமோ நல்ல சேதி போலிருக்குதுங்க்கா" என்றாள். "வேலையைப் பாரு" என்றாள் பிரவீனா. அந்தப் பதிலே போதுமாக இருந்தது, ஹால் முழுக்கப் பேச்சுச் சத்தம் கூடியது.

மூன்று மணி வாக்கில் ஒரு டெம்போ பின்னோக்கியே வந்து வைண்டிங் வாசலில் நின்றது. டிரைவர் இறங்கித் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"ஆருங்க நீங்க?"

"அரசூர்ல இருந்து வாரேனுங்க. கம்பி சுத்தற அச்சு எல்லாத்தையும் ஏத்தச் சொன்னாங்க."

பிரவீனாவுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. அச்சில்தான் கம்பியைச் சுற்றிச் சுருளாக்கி எடுப்பார்கள். ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு அளவு. அந்த அச்சுகள் டெம்போவில் ஏறிவிட்டால் இருபத்தாறு பெண்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். திங்கட்கிழமை அண்ணன் என்ன முடிவு சொன்னாலும் ஒன்றுதான்.

"ஆரு வரச் சொன்னது?"

"சபரீஷண்ணனுங்க. மத்தியானம் போன் பண்ணுனாரு. உடனே கெளம்பி வாங்கன்னாரு."

"நீங்க டீ குடிச்சுட்டு இருங்க" என்றாள் பிரவீனா. "ஒண்ணையும் ஏத்த வேண்டாம்."

அவள் மிஷின் ஷாப்புக்குப் போனாள். சபரீஷ் மிஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் தன் ஆட்களை வெளியே போகச் சொன்னான். எதற்கு வந்திருக்கிறாள் என்று அவன் கேட்கவில்லை.

"நீயாடா?" என்றாள்.

"நானேதான்."

"அண்ணன் நகரக்கூடாதுன்னு சொன்னாரே."

"அதனாலதான் இன்னிக்கே." அவன் கண்ணைத் தூக்கி அவளைப் பார்த்தான். "நீ மேல சொன்ன கணக்கு எனக்கு மிஷின் வந்த வருசமே தெரியும்க்கா. அப்பாகிட்டச் சொல்லலாம்னு ரெண்டு தடவ போனேன். சொன்னா, எதுக்குடா இத்தனை கடன்னு கேப்பாரு. உட்டுட்டேன்."

"மூணு வருசமா உன்ற டீசலுக்கு நாங்க வரி கட்டினோம். தெரிஞ்சேதான் இருந்தியா?"

"உன்ற செக்சன் மூடினா அந்தப் பழைய கணக்கே மூடிப்போகும். ஆரும் தோண்ட மாட்டாங்க. அதுக்குள்ள வெலையை ஏத்திச் சரிபண்ணிக்கலாம்னு நெனச்சேன். உனக்கு டெஸ்டிங் வாங்கித் தரேன்னு சொன்னது பொய்யில்ல."

"ஏசி ரூமு" என்றாள் பிரவீனா.

டிக்கியில் பெட்டியை வைத்துக் கார் கதவைத் திறந்துவிட்ட பையனும் இவன்தான். இரண்டும் ஒரே ஆளாக இருப்பதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. மனுஷர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள்.

அவள் கையில் இருந்த போன் அடித்தது. மனோஜ்குமார்.

"அம்மணி, கீழ ஒரு டெம்போ நிக்குதுன்னு வாட்ச்மேன் சொல்றாரு. அரசூர் வண்டியாம். ஆரு வரச் சொன்னது?"

சபரீஷுக்கும் கேட்டது. அவன் நகரவில்லை. அக்காள் என்ன சொல்வாள் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. இத்தனை வருஷப் பழக்கம் அது. அண்ணனிடம் அடி விழும்போதெல்லாம் அவள்தான் குறுக்கே நின்றிருக்கிறாள்.

"சபரீஷ்தானுங்கண்ணா" என்றாள் பிரவீனா.

"ரெண்டு பேரும் மேல வாங்க" என்று சொல்லிவிட்டு மனோஜ்குமார் வைத்துவிட்டான்.

சபரீஷ் மிஷினை நிறுத்தினான். அவனுக்குக் கோபம் வரவில்லை. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்ற அலுப்புதான் வந்தது. வெளியே வந்து இரண்டு பேரும் ஒன்றாகவே நடந்தார்கள். மாடிப்படியின் கீழே அவன் நின்றான்.

"சொன்னதுதான் சொல்லிப்போட்ட. இதையும் தெரிஞ்சுக்கிட்டு மேல போ" என்றான் தாழ்ந்த குரலில். "இருநூத்தி நாப்பதுங்கறது மொத ஆறு மாசத்துக்குத்தான். அப்பறம் முந்நூறு. அதுக்குள்ள நம்ம பொண்ணுங்க ஆளுக்கொரு எடம் பார்த்துப் போயிருப்பாங்க, அச்சும் அங்க இருக்கும். கேட்டதைக் குடுக்காம நாம எங்க போறது?"

"ஆரு சொன்னா உனக்கு?"

"அரசூர்க்காரரே. நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும்னாரு."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது." அவன் மேலே பார்த்தான். "நங்கையாவுக்குத் தெரியும்."

பிரவீனாவும் மேலே பார்த்தாள். ஆபீஸ் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு லோகப்பிரியா படியின் உச்சியில் நின்றுகொண்டிருந்தாள். எப்போதிருந்து நிற்கிறாள் என்று தெரியவில்லை.

இரண்டு பேரும் ஏறினார்கள். கடைசிப் படிக்கு முந்தின படியில் வந்ததும் லோகப்பிரியா, உள்ளே கேட்காத குரலில், "சபரீஷ் அந்த முந்நூறைச் சொல்லிப்போட்டானா?" என்று கேட்டாள்.

"ஆமாங் நங்கையா."

"வாங்களே உள்ள, அங்க நின்னு என்ன பேச்சு?" என்று மனோஜ்குமாரின் குரல் வந்தது.

லோகப்பிரியா கதவை விட்டு நகரவில்லை.